பவளம் வீட்டுக்கு எதிரே நிறுத்திய வான்

நவம்பர் 24

வழியில் தானா என்ற ஊரில் வானுக்கு டீசல் நிரப்பினேன். குளிர்கால டீசல். தெற்கிலிருந்து தொட்டியில் கொண்டுவந்தது இந்தக் குளிருக்கு மெழுகுபோல இறுகிவிடும். சிலிண்டரிலும் புரப்பேன்தான் வைத்திருக்கிறேன், பியூட்டேன் இங்கே எரியாது. இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வான் வாங்கிய ஆண்டு, அதன் கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு முழுதும் படித்தேன். நோர்வேஜிய மொழியையும் அப்படித்தான் படித்தேன், மீன் சுற்றி வந்த பத்திரிகைத் தாள்களில்.

மலைப்பாதை மூடியிருந்தது. தடுப்புக் கம்பத்தின் முன்னால் மற்ற வண்டிகளோடு காத்து நின்றேன். காற்று அடிக்கும் நாட்களில் யாரும் தனியாக மலையைக் கடக்க முடியாது. பனி வழிக்கும் வண்டி முன்னால் போகும், மற்றவர்கள் ஒருவர் பின்னால் ஒருவராகப் போக வேண்டும். அந்த வண்டிக்காரன் ஒவ்வொரு வண்டியாக வந்து எட்டிப் பார்த்தான். செம்பட்டைத் தாடி.

"தனியாகவா?" என்றான்.

"வேறு யாராவது உனக்குத் தெரிகிறார்களா?"

சிரித்தான். "கிறிஸ்மஸுக்கு உறவினரிடம் போகிறீர்களாக்கும்."

"வட ஒளி பார்க்கப் போகிறேன்."

ஒஸ்லோவிலும் எல்லோருக்கும் இதைத்தான் சொன்னேன், வடக்கே இரவு வானத்தில் ஆடும் பச்சை ஒளியைப் பார்க்கப் போகிறேன் என்று. அறுபத்தெட்டு வயதில் ஒரு மனுஷி வானில் படுத்துக்கொண்டு வட ஒளி பார்க்கக் கூடாது என்று சட்டம் இல்லை. தங்கை பவளத்துக்குப் புற்றுநோய் என்று எனக்கு யாரும் அறிவிக்கவில்லை. கோயிலில் செருப்புக் கழற்றும் இடத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அதற்காக வந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நவம்பர் 25

போட்ஸ்பியோர் வந்து சேர்ந்தேன். துறைமுகத்தில், பழைய மீன் தொழிற்சாலைக்குப் பக்கத்தில், இப்படியான வண்டிகள் நிறுத்தலாம் என்று பலகை போட்டிருக்கிறார்கள். அங்கே நிறுத்தினேன். தெருவுக்கு எதிர்ப்புறம் பவளம் வீடு இருப்பது என் குற்றமில்லை. வீட்டை அங்கே வாங்கியவர்கள் அவர்கள்.

சூரியன் போய்விட்டது. இனி ஜனவரி கடைசியில்தான் வருமாம். பகலில் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம், பிறகு அதுவும் இல்லை.

எதிர்வீட்டில் சமைக்கும் இடத்தில், குசினி ஜன்னலில், மஞ்சள் விளக்கு எரிகிறது.

நவம்பர் 28

சேகரம் வந்தான். பவளத்தின் கணவன். கையில் துணி சுற்றிய சட்டி. கதவு உறைந்து ஒட்டிக்கொண்டதால் திறக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவன் வெளியே நின்று தட்டிக்கொண்டே இருந்தான்.

"மச்சாள், என்ன இது? ஊர் சிரிக்கப் போகுது. வீடு இருக்க வானுக்க கிடக்கிறியள்."

"எந்த ஊர்? இஞ்ச இருந்த தமிழர் எல்லாரும் ஒஸ்லோவுக்கு இறங்கியாச்சு. சிரிக்கிறதுக்கு நீதான் மிச்சம்."

"பிட்டும் மீன்கறியும். அவ சொல்லித்தான் கொண்டந்தனான்."

"நான் சாப்பிட்டிட்டன்."

"மச்சாள், டொக்டர்மார் கையை விரிச்சிட்டினம். வீட்டில வைச்சுப் பாருங்கோ எண்டிட்டினம். அவ உங்களைக் கேக்கிறா."

நான் ஜன்னலில் உறைந்த ஈரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். வானுக்குள் சமைத்தால், மூச்சு விட்டால்கூட, சுவரெல்லாம் ஐஸ் பிடிக்கிறது. தினமும் சுரண்டாவிட்டால் மெத்தை சுவரோடு ஒட்டிவிடும்.

"சேகரம், உன்னோட எனக்குக் கோவமில்லை. அவ செய்தது பிழையெண்டு அவவின்ர வாயால சொல்லட்டும். சொன்ன உடன நான் உள்ளுக்கு வருவன். வந்து சமைச்சும் தருவன்."

"நீங்களும் அவவும் ஒரே அச்சு" என்றான். சட்டியைப் படியில் வைத்துவிட்டுப் போனான்.

வைத்ததைத் தொடவில்லை. காலையில் பார்த்தபோது பிட்டு கல்லாகியிருந்தது.

டிசம்பர் 1

தண்ணீர்க் குழாய் உறைந்தது. பனியை உருக்கிச் சமைக்கிறேன். ஒரு பானை பனிக்கு ஒரு கோப்பைத் தண்ணீர்கூட வரவில்லை.

டிசம்பர் 3

காலையில் எழுந்தபோது ஹீட்டர் நின்றிருந்தது. போர்வையின் வாய்ப்பக்கம் வெள்ளையாகப் பனி. குளிரில் பற்றரி இறங்கிவிட்டது, பற்றரி இல்லாமல் டீசல் ஹீட்டர் ஓடாது. வெளியே வந்து பார்த்தேன். சேகரம் தன் வீட்டுச் சுவரிலிருந்து நீலக் கம்பி ஒன்றைத் தெருவுக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு நின்றான்.

"மச்சாள், கரண்ட் மட்டும். கரண்டில என்ன கிடக்கு?"

"உங்கட வீட்டுக் கரண்ட்."

"அது ஆத்துத் தண்ணியில வாறது. என்ர இல்லை."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்றேன்.

பக்கத்து வீட்டு பெரிட் இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். துறைமுகத்தின் பனியை வழிப்பவள் அவள்தான். எழுபது வயது, பெரிய உடம்பு, கணவன் இன்னமும் படகில் போகிறான். ஒன்றும் கேட்காமல் துறைமுகத்துக் கம்பத்திலிருந்து எனக்குக் கரண்ட் பூட்டிவிட்டாள். பிறகு வான் கூரையில் ஏறி நின்று பனியைத் தள்ளினாள். ஹீட்டரின் புகைக்குழாய் மூடிக் கிடந்தது. "நீ செத்திருப்பாய்" என்று கீழே பார்த்துச் சொன்னாள். வானிலை சொல்வது போன்ற குரல்.

டிசம்பர் 9

இன்று காற்று. வெளியே போகவில்லை. என்ன நடந்தது என்பதை எழுதி வைக்கிறேன், பிறகு ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்.

அம்மா போனபோது பவளம் ஆறு வயதுப் பிள்ளை. வளர்த்தது நான். என் கணவர் போய், தாலியைக் கழற்றி வைத்துவிட்டு நான் இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. இதே தொழிற்சாலையில் மீன் வெட்டினேன். கை விறைத்தால் வெந்நீர் வாளியில் முக்கிவிட்டு மறுபடியும் கத்தியை எடுப்போம். அப்படி வெட்டித்தான் பவளத்தை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டேன். சேகரத்தைப் பார்த்துக் கட்டிவைத்தேன். இங்கே ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கல்யாணம். அவளுக்குத் தலை வாரி, கூறை உடுத்தி மணவறைக்குக் கூட்டிவந்ததும் இந்தக் கைதான். அன்றைக்கு இந்தக் கையில் ஒரு குறையும் யாருக்கும் தெரியவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவளுடைய மகள் துவாரகாவுக்கு ஒஸ்லோவில் கல்யாணம். வாசலில் பெண் மாப்பிள்ளைக்கு ஆராத்தி எடுக்கும் தட்டு நான் செய்தது. மஞ்சள் தண்ணீர், வாழைப்பழத் துண்டு மூன்று, ஒவ்வொன்றிலும் திரி. திரி சரிந்துவிடாமல் இருக்கத் தட்டை நானே தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பவளம் எதிரே வந்தாள். என் கையிலிருந்து தட்டை வாங்கினாள்.

"அக்கா, நீங்கள் கொஞ்சம் உள்ளுக்கு இருங்கோ."

அவ்வளவுதான் சொன்னாள். கணவன் இல்லாதவள் எதிரே நிற்கக் கூடாது. நான் உள்ளே போகவில்லை. பின்கதவால் வெளியே வந்து, பட்டுச்சேலையோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன்.

மண்டபம் நிறையச் சனம், நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள் என்று பயந்துவிட்டாள். அதுதான் நடந்தது. எனக்கு அவளைத் தெரியும். சனத்துக்காக அக்காவைத் தள்ளிவைத்தது பிழை என்று ஒரு வார்த்தை அவள் சொல்ல வேண்டும். நான் கேட்பது அது ஒன்றுதான்.

டிசம்பர் 14

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மத்தியான நீல வெளிச்சத்தில் பெரிட் வானைச் சுற்றிப் பனி அள்ளிக்கொண்டிருந்தாள். நான் கதவைத் திறந்து வைத்து மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். எதிரே குசினி ஜன்னல் திறந்தது. பவளம். தலையில் கம்பளித் தொப்பி. முகம் பாதியாகிவிட்டது. ஒன்பது வருடத்தில் முதல் தடவை பார்க்கிறேன்.

"பெரிட்!" என்று கூப்பிட்டாள். மீதியைத் தமிழில் சொன்னாள். "பெரிட், உந்த வானுக்க இருக்கிற மனிசியிட்டக் கேளுங்கோ, வட ஒளி பாக்க வந்தவ ஏன் என்ர குசினியைப் பாத்துக்கொண்டு இருக்கிறா எண்டு."

பெரிட்டுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. பனி அள்ளும் சவளைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

நானும் பெரிட்டைப் பார்த்தே சொன்னேன். "பெரிட், அவவிட்டச் சொல்லு, வருத்தக்காரர் இந்தக் குளிருக்க ஜன்னலைத் திறந்து வைக்கப்படாது."

"பெரிட், அது என்ர ஜன்னல்."

"பெரிட், அந்தத் தொப்பி காதை மூடேல்லை."

"பெரிட், அவவின்ர மீன் கருகுது. மணம் இஞ்ச வரைக்கும் வருது."

உண்மையில் கருகிக்கொண்டுதான் இருந்தது. ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். பவளம் சிரிக்கிற சத்தம் கேட்டது, பிறகு இருமல். பெரிட் நடுத்தெருவில் நின்று, "நான் ஏதாவது செய்ய வேண்டுமா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

"இல்லை, அங்கேயே நில்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

இதைப் பேசியதாகக் கணக்கெடுக்க முடியாது. நான் பேசியது பெரிட்டோடு.

டிசம்பர் 16

பெரிட் பனி அள்ள வந்தாள். நேற்று முழுதும் பனி கொட்டவே இல்லை. அள்ளுவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் சவளைக் குத்தி வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றாள். பவளம் திறந்தாள்.

"பெரிட், துவாரகாவுக்கு எட்டு மாசமெண்டு அவவுக்குச் சொல்லுங்கோ. அவுஸ்திரேலியாவில. வயித்தோட பிளேன் ஏறேலாது."

"பெரிட், முதல் பிள்ளைக்கு இவ்வளவு வருசம் ஏனெண்டு கேளு."

"பெரிட், அதை அவள் என்னட்டையே சொல்லேல்லை. பெரியம்மாவிட்டச் சொல்லியிருப்பாள், பெரியம்மாதான் கல்யாணத்தோட போனைக் கட் பண்ணிப்போட்டா."

"பெரிட், போனை நான் கட் பண்ணேல்லை. ஒருத்தரும் எனக்குப் போன் போடேல்லை."

பெரிட் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். நல்ல மனுஷி.

டிசம்பர் 21

கழிவுத் தண்ணீர்த் தொட்டி உறைந்துவிட்டது. கீழே வாளி வைத்திருக்கிறேன். ரசத்துக்குப் புளி கரைத்தேன். நிறைய வைத்துவிட்டேன். ஒருத்திக்கு இவ்வளவு ரசம் எதற்கு? பெரிட்டிடம் ஒரு போத்தல் கொடுத்து, "நீ குடி. மிச்சம் இருந்தால் யாருக்காவது கொடு" என்றேன். அவள் நேரே தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அது அவளுடைய விருப்பம்.

டிசம்பர் 24

ரசத்தில் மிளகு கூடிவிட்டதாக பெரிட்டுக்குச் சொல்லப்பட்டது.

டிசம்பர் 30

ஜன்னல் திறக்கவில்லை. நேற்றும் இல்லை. விளக்கு மட்டும் எரிகிறது. சேகரத்தைக் கண்டேன். மருந்து கூட்டியிருக்கிறார்களாம், நாள் முழுதும் நித்திரையாம்.

"மச்சாள், எத்தினை நாளைக்கு பெரிட்டை நடுவில நிப்பாட்டப் போறியள்? பவளம் நாலு அடி வைச்சால் விழுந்திடுவா. நீங்கள் நாலு அடி வைச்சால் உள்ளுக்கு வந்திடுவியள்."

"பிழையெண்டு சொல்லட்டும்."

"செத்த பிறகோ?"

அவன் இப்படிப் பேசுகிறவன் இல்லை. வானுக்குள் வந்துவிட்டேன்.

ஜனவரி 6

பவளம் சொல்லிவிட்டாள். நான் கேட்டது அதை இல்லை.

பெரிட்டை அவளே போன் போட்டுக் கூப்பிட்டிருக்கிறாள். ஜன்னல் திறந்தபோது அவள் நிற்கவில்லை, கதிரையில் உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு மேலே முகம் மட்டும் தெரிந்தது. சேகரம் வேலைக்குப் போயிருந்தான். நான் வான் படியில் நின்றேன்.

"பெரிட், அவவிட்டச் சொல்லுங்கோ. அண்டைக்கு மண்டபத்தில சனத்துக்குப் பயந்து நான் அக்காவை உள்ளுக்கு இருக்கச் சொல்லேல்லை. சனம் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. ஒருத்தரும் பாக்கவுமில்லை."

மூச்சு வாங்கினாள்.

"எனக்குத்தான் பயம் வந்தது. அத்தானுக்கு வந்தது என்ர பிள்ளையின்ர மனுசனுக்கும் வந்திடுமோ எண்டு. அக்கா தட்டோட வாசல்ல நிண்டதைக் கண்டவுடன என்ர நெஞ்சு திக்கெண்டுது. இதைச் சொல்லாமல் போகப்படாது எண்டு கிடந்தனான்."

பெரிட் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். இந்தத் தடவை தலையாட்டவில்லை.

"பெரிட், ஜன்னலைச் சாத்தச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வான் கதவை அடித்துச் சாத்தினேன். ஹீட்டரைக் கூட்டிவைத்தேன். அதன் இரைச்சலில் வெளியே ஒன்றும் கேட்காது.

சனத்துக்காகச் செய்திருந்தால் பொறுத்திருப்பேன். ஒன்பது வருடமாக அதற்காகத்தான் கோபித்துக்கொண்டிருந்தேன். அவளே நம்பியிருக்கிறாள். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை என் முகத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். இனி எதற்கு இங்கே?

ஜனவரி 7

காலையில் கரண்ட் கம்பியைக் கழற்றிச் சுருட்டினேன். சக்கரத்தைச் சுற்றியிருந்த ஐஸைக் கொத்தினேன். மலைப்பாதை வரிசையாகப் போகத் திறந்திருந்தது. முதல் வரிசையிலேயே போய்விட்டேன். பெரிட் வீட்டில் இருக்கவில்லை, அவளுக்குச் சொல்லவில்லை.

செம்பட்டைத் தாடிக்காரன், "வட ஒளி பார்த்தீர்களா?" என்றான்.

"முகில்" என்றேன்.

ஜனவரி 8

மலைக்கு இந்தப் பக்கம், ஒரு விடுதியின் முற்றத்தில் வானை நிறுத்தியிருக்கிறேன். தெற்கே ஓட வேண்டியதுதான். இன்று சறுக்கல் அதிகம் என்றார்கள். நாளைக்குப் பார்க்கலாம்.

ஜனவரி 9

இன்றும் புறப்படவில்லை. பின்பக்கச் சக்கரத்தில் ஒரு சத்தம் கேட்டது போல இருந்தது. பார்த்தேன். ஒன்றும் இல்லை.

சேகரம் போனில் கூப்பிட்டான்.

"மச்சாள், எங்க நிக்கிறியள்?"

"ரோட்டில."

"முந்தநாள் மத்தியானம் பவளம் வெளிய வந்தவ. நான் வேலையில. பெரிட்டுக்குப் போன் போட்டு, அந்தத் தள்ளுற சறுக்குவண்டியைக் கொண்டரச் சொல்லியிருக்கிறா, கிழவிகள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போறது. அதில இருந்து, போர்வையெல்லாம் சுத்திக்கொண்டு, தெருவைக் கடந்து வந்திருக்கிறா. உங்கட வான் நிண்ட இடம் வெறுமையாக் கிடந்ததாம்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"பெரிட் திருப்பிக் கொண்டுபோகப் பாத்திருக்கிறா. மாட்டன், அக்கா டீசல் அடிக்கப் போயிருப்பா, இப்ப வந்திடுவா எண்டு அதிலயே இருந்தவவாம்."

"எவ்வளவு நேரம்?"

"அதை ஏன் இப்ப கேக்கிறியள்?"

ஜனவரி 11

காலையில் சேகரத்தின் போன். "மச்சாள், வாறதெண்டால் இப்ப வாங்கோ." வைத்துவிட்டான்.

உடனே புறப்பட்டேன். தடுப்புக் கம்பத்தில் நிறுத்திவிட்டார்கள். மலையில் காற்று. சிறிய கார்களையும் பெரிய லொறிகளையும் விடுகிறார்கள், என் வானை விடவில்லை. உயரம் அதிகம், பாரம் குறைவு, காற்று புரட்டிவிடுமாம்.

"அங்கே அவசரம்" என்றேன்.

தாடிக்காரன் என் முகத்தைப் பார்த்தான். "என் வண்டியில் பக்கத்து இருக்கை காலி. வானை இங்கேயே விட்டுவிட்டு ஏறுங்கள். ஒரு மணித்தியாலத்தில் அங்கே இருப்பீர்கள்."

"வானை விட்டுவிட்டு வந்தால் நான் எங்கே படுப்பது?"

"அங்கே உங்களுக்கு யாரும் இல்லையா?"

"இருக்கிறார்கள்."

அவன் காத்து நின்றான். எனக்குப் பின்னால் ஒரு கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். பவளம் வீட்டுக் கூரைக்குக் கீழே ஒரு இரவும் படுப்பதில்லை என்று நான் எடுத்த முடிவு நேற்று எடுத்தது இல்லை. அது அவனுக்குத் தெரியாது.

"காற்று விழட்டும். என் வண்டியிலேயே வருகிறேன்" என்றேன்.

நாளைக் காலையில் காற்று விழும் என்றுதான் வானிலை அறிக்கை சொன்னது. அதை நான் இரண்டு தடவை பார்த்தேன்.

ஜனவரி 12

காற்று விழவில்லை. அறிக்கை பிழையானால் அதற்கு நான் பொறுப்பில்லை. இன்று ஒரு வண்டியையும் விடவில்லை. பனி வழிக்கும் வண்டியையே மேலே அனுப்பவில்லை.

வான் ஆடிக்கொண்டே இருக்கிறது. உடுப்போடு இருக்கிறேன். பூட்ஸும் கழற்றவில்லை.

ஜனவரி 13

பவளம் காலையில் போய்விட்டாள்.

ஜனவரி 14

மலை திறந்தது. தாடிக்காரன் என்னைத் தன் வண்டிக்கு நேர்பின்னால் விட்டான். 

பழைய இடத்தில் வானை நிறுத்தினேன். கம்பி பூட்டவில்லை, ஹீட்டர் போடவில்லை. தெருவைக் கடந்து போய்க் கதவைத் தள்ளினேன். சாவு வீட்டுக்கு யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

சேகரம் குசினியில் இருந்தான். என்னைக் கண்டதும் எழும்பி நின்றான். அழவில்லை. "தேத்தண்ணி போடட்டே, மச்சாள்?" என்றான். போட்டுத் தந்ததைக் குடித்தேன்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் அவளுடைய கதிரை. அதில் உட்கார்ந்து பார்த்தால் என் வானின் படியும் கதவும் மட்டும்தான் தெரிகின்றன. வேறொன்றும் தெரியவில்லை.

பிறகு கேட்டேன். "அண்டைக்கு நான் கதவைச் சாத்தினாப் பிறகு அவ ஏதும் சொன்னவவோ?"

"எனக்கு ஒண்டும் தெரியாது. வேலையால வந்து கேட்டன். 'எல்லாத்தையும் அக்காவிட்டச் சொல்லிட்டன்' எண்டவ. சந்தோசமா இருந்தவ. 'அந்த வான் கதவு தகரம்தானே, கேட்டிருக்கும், நாளைக்கு வருவா' எண்டும் சொன்னவ."

பெரிட் வீட்டுக்குப் போனேன். சூப் சட்டியை இறக்கிவைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"கதவைச் சாத்திய பிறகு பவளம் பேசினாளா?"

"பேசினாள். நீண்ட நேரம். ஜன்னலைச் சாத்தச் சொன்னேன், கேட்கவில்லை. உன் கதவைப் பார்த்தே பேசினாள், என் பெயரைக்கூடச் சொல்லவில்லை."

"என்ன சொன்னாள்?"

"பாக்கியம், எனக்கு உங்கள் மொழி தெரியாது."

"ஒரு சொல்லாவது நினைவிருக்கும். யோசி. சத்தமாவது நினைவிருக்கும்."

அவள் யோசித்தாள். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. அந்தப் பெரிய உடம்பு குலுங்கத் தொடங்கியது. "நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்" என்றாள். "அவள் சொல்லச் சொல்ல நான் தலையாட்டினேன்."

ஜனவரி 15

பெட்டி நாளை தெற்கே போகிறது, எரிக்கும் இடம் இங்கே இல்லை. இன்று சிற்றாலயத்தின் பக்க அறையில் அவளைக் குளிப்பாட்டி உடுத்த விட்டார்கள். சேகரம் கூறைச்சேலையைக் கொண்டுவந்தான். நானும் பெரிட்டும் உடுத்தினோம். மடிப்பு நிற்கவில்லை, உடம்பில் ஒன்றும் இல்லை. உள்ளே கம்பளி ஒன்று சுற்றிக் கட்டினேன். தலையில் முடி முளைத்துக்கொண்டிருந்தது, குழந்தைப் பிள்ளையினுடையது போல.

சேகரம் குங்குமச் செப்பை என்னிடம் நீட்டினான். கணவன் இருக்கப் போனவள், பொட்டோடுதான் அனுப்ப வேண்டும்.

"மச்சாள், நீங்கள்தான் வைக்க வேணும்."

"நான் வைக்க மாட்டன்."

"இன்னுமோ மச்சாள்? இப்பவுமோ?"

"அவவுக்குப் பயம்" என்றேன். "எனக்கு அந்தப் பயத்தில நம்பிக்கை இல்லை. ஆனால் அவவுக்கு இருந்தது. எழும்பி நிண்டு வேண்டாமெண்டு சொல்ல ஏலாத நேரத்தில, அவவுக்குப் பிடிக்காததை அவவின்ர நெத்தியில நான் செய்ய மாட்டன்."

அவன் சுவரோடு சாய்ந்து நின்றுவிட்டான்.

பெரிட்டின் கணவன் உயிரோடு இருக்கிறான், இன்று காலையும் படகில் போனான். செப்பை அவளிடம் கொடுத்தேன். விரலைத் தண்ணீரில் தொட்டு, பிறகு குங்குமத்தில் தொட்டு, நெற்றியின் நடுவில் வட்டமாக என்று சொல்லிக்கொடுத்தேன். கேள்வி எதுவும் கேட்காமல் கையுறையைக் கழற்றினாள். அவளுடைய விரல் ஒவ்வொன்றும் கயிறு இழுத்துத் தடித்த விரல்.

"இன்னும் கொஞ்சம் மேலே. புருவத்துக்கு நடுவில். அழுத்தாதே."

வைத்தாள். தடித்த விரலில் பொட்டு இடதுபக்கம் சரிந்து, ஒரு ஓரம் வழிந்து இறங்கியிருந்தது. பெரிட் என்னைப் பார்த்தாள். "சரியா?" என்றாள்.

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பவளத்தின் முகத்தைப் பார்த்தேன். கோணல் பொட்டோடு பிள்ளையை எப்படி அவ்வளவு தூரம் அனுப்புவது?

சேலைத் தலைப்பை நனைத்து வழிந்ததைத் துடைத்தேன். என் பெருவிரலால் பொட்டை நடுவுக்கு இழுத்து, சுற்றிவர வட்டமாக்கினேன். நெற்றி குளிர்ந்திருந்தது. விரலை உடனே எடுக்கவில்லை.

வைத்தது பெரிட். நான் திருத்தினேன். இரண்டும் ஒன்றில்லை.